வாய்க்குக் கிடைத்த அடி

போன மாதம் பென்ஷன் வேலையாக அம்பாசமுத்திரத்தில் வங்கிக்குப் போயிருந்தேன். வரிசையில் பின்னால் நின்றவர் ஒரு சலானை நீட்டினார். "டீச்சர், இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். கண்ணாடி எடுத்துட்டு வரல." வயது அறுபதை ஒட்டி. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் வாங்கி எழுதினேன். ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று நான் கேட்கும் முன்பே ஒப்பித்தார். கூட்டிப் பார்த்தேன், ஒரு ரூபாய் பிசகவில்லை.

எங்கள் அண்ணன் வாயிலிருந்து இதே 'கண்ணாடி எடுத்துட்டு வரல'யை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல்தான் அவனுக்கு அந்த வசதி வாய்த்தது. அதற்கு முன்னாலெல்லாம் 'கையில அடிபட்டிருக்கு', 'பேனா எழுதல', 'பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீயே எழுதிரு'. அவனுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம் என்பதால் எங்களுக்குள் 'அவன்', 'ஏட்டி'தான், இன்றைக்கும்.

அப்பா ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. முத்து முத்தான கையெழுத்து. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மளிகைச் சாமான் பட்டியல் எழுத அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியாரிடம் அவர் சொன்னதை அம்மா பெருமையாகச் சொல்லிக்காட்டுவாள்: "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிருங்க சார்." அந்தக் காலத்தில் எல்லா அப்பாக்களும் இதைத்தான் சொன்னார்கள். அதில் கோபம் கிடையாது. பிள்ளையை நம்பிக்கையோடு ஒப்படைப்பதற்கு ஊரில் வழங்கிய வாசகம் அது. அடியாத மாடு படியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அடி வாங்கிய எங்களுக்கும் இல்லை.

அண்ணன் சூட்டிகையான பையன். டூரிங் டாக்கீஸில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் திண்ணையில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிடுவோம். பின்னணி இசையோடு, சண்டைக்காட்சியில் விழும் பானை சட்டிச் சத்தத்தோடு முழுப் படத்தையும் ஓட்டிக் காட்டுவான். ஆற்றுப் பாலத்தில் எந்த பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்டால் தென்காசி வண்டி, பாபநாசம் வண்டி எல்லாம் தலைகீழாகச் சொல்வான். மில்லில் அப்பா காகிதத்தில் பெருக்கி முடிக்கும் முன்பே இத்தனை மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று விடை சொல்லிவிடுவான்.

எழுத உட்கார்ந்தால் அது வேறு பிள்ளை. 'கொக்கு' என்று சொன்னால் 'கெக்கு' என்று எழுதுவான். கால் காணாமல் போயிருக்கும். 'பள்ளம்' என்றால் புள்ளி ஏதாவது ஓர் எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்திருக்கும். பவுக்கும் மவுக்கும் அவனுக்குப் பேதமே கிடையாது. தமிழைச் சின்ன வயதிலேயே பழகிவிட்ட நமக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். 'கொ' என்ற ஒரே ஒலி காதில் விழுகிறது. அதில் முதலில் கேட்பது ககரம். கை முதலில் எழுத வேண்டியது கொம்பு, அப்புறம் க, அப்புறம் திரும்ப ஒரு கால். காது கேட்கிற வரிசை ஒன்று, கை எழுதுகிற வரிசை வேறொன்று. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் இந்த ஏற்பாட்டையும் சிரமமில்லாமல் விழுங்குகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும். விழுங்க முடியாத பிள்ளை வகுப்புக்கு ஒன்றிரண்டு இருக்கும். போதாக்குறைக்கு எங்கள் காலத்தில் எழுத்தையே மாற்றினார்கள். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு, தும்பிக்கை வைத்த பழைய ணை, லை, னை எல்லாம் போய் இப்போதுள்ள வடிவம் வந்தது. பள்ளிக்கூடத்தில் புதுசு, அப்பாவின் நோட்டில் பழசு, வீட்டில் கிடந்த வாரப் பத்திரிகையில் இரண்டும். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. அண்ணன் ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டான்: "ஏட்டி, நாளைக்கும் மாத்துவாங்களோ?"

சொல்வதை எழுதுதல் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. பத்துச் சொல். ஒரு பிழைக்கு ஓர் அடி. கம்பு கொண்டுவரும் பொறுப்பு மாணவர்களுடையது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் பூவரச மரங்கள் நின்றன. பெரும்பாலும் அண்ணனைத்தான் அனுப்புவார்கள். பச்சைக் கம்பு வளைந்து சுள்ளென்று விழும், காய்ந்தது இரண்டாவது அடியில் முறியும். அவன் பார்வைக்குப் பச்சையாகவும் உள்ளே காய்ந்தும் இருக்கிற கம்பாகத் தேடி ஒடித்து வருவான். உள்ளங்கையில் வெங்காயம் தேய்த்துக்கொண்டால் வலிக்காது என்றும், ஒரு தலைமுடியைக் குறுக்கே வைத்துக்கொண்டால் கம்பு இரண்டாகப் பிளந்துவிடும் என்றும் எங்களுக்குள் சாஸ்திரங்கள் இருந்தன. நானே அம்மா தலையிலிருந்து நீளமான முடியாகப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாத்தியார் கெட்டவர் இல்லை. நோட்டு வாங்க முடியாத பிள்ளைகளுக்குத் தன் காசில் வாங்கிக் கொடுத்தவர். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அதனால்தான் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது. அண்ணன் பக்கத்தில் இன்னொரு பையன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு எழுதவும் வராது, பேசவும் வராது. அவன் பத்துக்குப் பத்தும் தப்பாக எழுதுவான். வாத்தியார் அவன் சிலேட்டைப் பார்த்துவிட்டு, "இது மக்கு, விடு" என்று தாண்டிப் போய்விடுவார். அண்ணனிடம் வந்ததும்தான் முகம் சிவக்கும். காலையில் அறிவியல் பாடத்தில் அவர் கேட்ட கேள்விக்கு முதல் ஆளாக எழுந்து, மழை எப்படிப் பெய்கிறது என்று புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னவன் அவன்தானே. "ஏலே, வாய் கிழியப் பேசத் தெரியுதுல்லா, எழுதக் கை வராதோ? கொழுப்புல ஒனக்கு." ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடி.

அவன் கெட்டிக்காரத்தனமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வராதவனை யாரும் அடிக்கவில்லை. வருகிறவன், வேண்டுமென்றே செய்யாமலிருக்கிறான் என்று நினைத்துத்தான் அடித்தார்கள். அவன் எவ்வளவு நன்றாகப் பேசினானோ அவ்வளவு அடி விழுந்தது. இது வாத்தியாருக்கோ அப்பாவுக்கோ விளங்கும் முன்பே அண்ணனுக்கு விளங்கிவிட்டது. ஆறாம் வகுப்பு வாக்கில் அவன் கையைத் தூக்குவதை நிறுத்தினான். கேட்டால் 'தெரியாது சார்'. அடி நன்றாகக் குறைந்தது. 'பையன் அடங்கிட்டான்' என்று அப்பாவிடம் சொன்னார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம். திண்ணையில் சினிமாக் கதை சொல்வதும் அந்தச் சமயத்தில்தான் நின்றது. தெருப்பிள்ளைகள் கொஞ்ச நாள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

எழுதப் படிக்க வரவில்லையே தவிர, வராததை மறைக்க அவன் கற்றுக்கொண்டது கொஞ்சமா? வரிசையாக எழுந்து ஆளுக்கொரு பத்தி வாசிக்க வேண்டுமென்றால், தனக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணி, தன் முறைக்கு எந்தப் பத்தி என்று கணக்குப் போட்டு, முந்தின நாள் ராத்திரியே என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வான். ஒரு தடவை கேட்டால் போதும். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, விரலைக்கூட ஓட்டிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு 'வாசிப்பான்'. சொல்வதை எழுதுதல் நேரம் நெருங்கினால் பானையில் தண்ணீர் இருக்காது, ஓடிப்போய்க் கொண்டுவருவான். சாருக்குக் காப்பி வாங்கி வருவான். பேனா நிப்பு உடைந்துபோகும். பள்ளிக்கூடத்திலேயே பொறுப்பான பையன் என்று பேர் வாங்கினான்.

ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் வரவில்லை. கணக்குத் தப்பிவிட்டது. அவன் பாட்டுக்கு வேறு பத்தியை அழகாக வாசித்துக்கொண்டு போனான். வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. ஏமாற்று வேலை என்று முடிவு கட்டினார். மத்தியானம் முழுக்கப் பொடிக்கல் பரப்பிய முற்றத்தில் முட்டி போட்டான். தப்பாக வாசித்த சொற்களை நூறு நூறு தடவை எழுதி வரவேண்டும் என்று இம்போசிஷன் வேறு. ராத்திரி அவன் அதை எழுதிய விதம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சொல்லாக எழுதவில்லை. பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக முதல் எழுத்தை மட்டும் எழுதினான். அப்புறம் பக்கத்தில் இரண்டாவது எழுத்தை. அப்புறம் மூன்றாவதை. நான்கே பத்தியில் பக்கம் நிறைந்தது. இரண்டாவது எழுத்தைத் தவறாகப் பார்த்திருந்தான். அந்தப் பிழையை நூறு தடவை, பிசிறில்லாமல், கை வலிக்க வலிக்கப் பழகினான். மறுநாள் வாத்தியார் பக்கங்களைத்தான் எண்ணினார்.

அம்மா தன் பங்குக்கு வல்லாரைக் கீரை ஆய்ந்தாள். ஞாபகசக்திக்கு நல்லதாம். ஞாபகசக்தியில் அவனை மிஞ்ச அந்த வீட்டில் ஆள் கிடையாது.

அப்புறம் பெயில். நான் அவன் வகுப்புக்கே போய்ச் சேர்ந்தேன். பெண்பிள்ளைகள் வரிசையில் நானும் எதிர் வரிசையில் அவனுமாக ஒரு வருஷம் ஓடியது. இதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில், ஒரு திங்கட்கிழமை காலை, புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திருநெல்வேலி ஜங்ஷனில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய்விட்டான். வீட்டில் யாரும் தடுக்கவில்லை.

நான் படித்து டீச்சரானேன். 'அனைவருக்கும் கல்வி இயக்க'த்தில் எங்களுக்கெல்லாம் அடிக்கடி பயிற்சி வைப்பார்கள். வட்டார வள மையத்தில் சாயங்காலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒரு தடவை வந்த சிறப்பாசிரியை, 'டிஸ்லெக்சியா' என்ற கற்றல் குறைபாட்டைப் பற்றிப் பேசினார். 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதிய கதையைச் சொன்னார். பெர்சி என்று பதினான்கு வயதுப் பையன். புத்திசாலி. எண்களைச் சரளமாகப் படிப்பான், கணக்குப் போடுவான். ஆனால் தன் பெயரின் எழுத்துகளையே முன்பின்னாக மாற்றிப் 'பிரெசி' என்று எழுதிவிட்டு, அதில் பிழை இருப்பதே தெரியாமல் இருப்பான். பாடம் முழுவதும் வாய்வழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவன் என்று அவனுடைய வாத்தியார் சொன்னாராம்.

பக்கத்தில் இருந்த டீச்சர்கள் டீக்கு எழுந்து போய்விட்டார்கள். நான் நோட்டில் அந்த வருஷத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1896. அப்போது எங்கள் அப்பாவே பிறக்கவில்லை. அண்ணன் கையில் பூவரசங்கம்பு விழுவதற்கு எண்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதைக் கண்டு, எழுதி, அச்சிலும் போட்டுவிட்டார். அது அம்பாசமுத்திரத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தொடங்கியதே 1991-இல். அதற்குள் அண்ணன் சொந்தக் கடை போட்டுவிட்டான். 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்தக் குறைபாட்டுக்கு இடமே இல்லை. 2016 சட்டத்தின் இருபத்தொரு வகைகளில்தான் இது சேர்ந்தது.

அந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வழிகளில் ஒன்று, தட்டில் மணலைப் பரப்பி, எழுத்தின் ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பது. கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் என்ற இருவர் வகுத்த பாதையில் வந்த முறை என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாயால் சொல்லிக்கொண்டே மணலில்தானே எழுதினார்கள்! அதே திண்ணையில்தான் பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. புதுப் பள்ளிக்கூடங்கள் வந்தபோது மணலை வாரி வெளியே கொட்டிவிட்டு, அடியை மட்டும் பத்திரமாக உள்ளே கொண்டுபோனோம்.

2003-இல் தமிழ்நாட்டில் கல்வி விதியைத் திருத்திப் பிரம்பைத் தடை செய்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அன்றைக்கு இழவு வீட்டுக் களை. 'இனிமே பிள்ளைங்க மதிக்குமா?' என்பதுதான் பேச்சு. பின்னால் 2009 கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடலை மட்டுமல்ல, மனசை நோகடிப்பதும் கூடாது என்றது. பிரம்பு பீரோவுக்குப் போனது உண்மை. அது போன இடத்தில் வந்து உட்கார்ந்தவை என்னென்ன! கரும்பலகை ஓரத்தில் 'மெதுவாகக் கற்போர்' என்று பெயர்ப்பட்டியல். காலையில் ஒரு தேர்வு, மாலையில் ஒரு தேர்வு. 'அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் வகுப்புக்குள்ள விடுவேன்.' நூறு சதவீதத் தேர்ச்சிக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பும் தனியார் பள்ளிகள். அடித்தால்தான் படியும் என்ற எண்ணத்தைத் தடை செய்ய எந்த விதியாலும் முடியாது போல.

அடியைவிட அதன் பயம்தான் இந்தப் பிள்ளைகளைப் பாழாக்குகிறது என்பது வகுப்பறையில் நான் கண்ணால் பார்த்தது. 'கொ' எழுத, ஒலியை மனசில் நிறுத்தி, கொம்பு, எழுத்து, கால் என்று வரிசையையும் நிறுத்தி வைக்க வேண்டும். மனசில் அதற்கான இடம் எல்லோருக்குமே சின்னது. அந்த இடத்தில் பயம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் எழுத்து எங்கே நிற்கும்? வந்த எழுத்தும் வராமல் போகும். அதற்கு இன்னும் கொஞ்சம் கண்டிப்பு. 2007 வாக்கில் ஊரெங்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, அட்டைகளை வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் ஏணியில் ஏறலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பல பேர் அதைக் குறை சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: பக்கத்துப் பிள்ளை எத்தனையாவது படியில் இருக்கிறது என்று யாரும் சிரிக்க வழியில்லை.

அண்ணன் கடைக்குப் போனால் வார்னிஷ் வாடை மூக்கில் ஏறும். எரிந்துபோன மோட்டார் வந்தால், ஸ்டேட்டரில் எத்தனை காடி, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் என்று மற்ற கடைக்காரர்கள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். இவன் பழைய கம்பியில் ஒரு துண்டை வெட்டி, அதில் நூல் கட்டி, நூலில் முடிச்சுப் போட்டுச் சுவரில் மாட்டுவான். பெரிய முடிச்சு பத்து, சின்ன முடிச்சு ஒன்று. வருஷக்கணக்கில் வந்த மோட்டார்கள் எல்லாம் அந்தச் சுவரில் தொங்குகின்றன. எது யாருடையது என்று கேட்டால் சொல்வான்.

இதைச் சொன்னால் உடனே, 'பார்த்தீங்களா, படிப்பு ஏறாட்டியும் முன்னுக்கு வந்துட்டார்' என்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அரசாங்கக் குடிநீர்த் திட்டத்தில் மோட்டார் பராமரிப்புக்கு டெண்டர் போடச் சொன்னார்கள். பாரம் நிரப்ப வேண்டும் என்றதும் ஒதுங்கிக்கொண்டான். வியாபாரிகள் சங்கத்தில் செயலாளராக இருக்கக் கூப்பிட்டார்கள். மினிட்ஸ் எழுத வேண்டுமே என்று மாட்டேன் என்றான். அவன் போகாமல் விட்ட இடங்கள் இப்படி நிறைய இருக்கின்றன.

அவன் மகள் வயிற்றுப் பேரனுக்கும் இதே பாடு. எழுத்து அந்தரத்தில் மிதக்கும், பேச்சோ அருவி. பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். காலம் அந்த மட்டுக்கு மாறியிருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் பத்தாம் வகுப்பில் ஒரு மொழிப்பாடம் எழுத வேண்டாம், சொல்வதை எழுத ஓர் ஆள் தருவார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கிடைக்கும். மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல கேட்டா என்ன சொல்றது? நல்லாத்தானே பேசுறான் மாமா. கொஞ்சம் கண்டிச்சு உக்கார வச்சா எழுதிருவான்."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மருமகனிடம் முகம் கொடுத்து நாலு வார்த்தை பேசாதவன். கையைக்கூடக் கழுவாமல் சொன்னான்: "நானும் நல்லாத்தான் மாப்ள பேசினேன்."

மறுநாளே பேரனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். சோதனை, திரும்ப ஒரு நாள் வரச்சொல்லல், கையெழுத்து, முத்திரை என்று எத்தனை நடை என்றாலும் கடையைப் பூட்டிவிட்டுப் போனான்.

இந்த வருஷம் பேரன் பரீட்சை எழுதினான். எழுதினான் என்பதைவிடச் சொன்னான் என்பதுதான் சரி. அறிவியல் பரீட்சை அன்று சாயங்காலம் நான் போயிருந்தேன். பையன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "ஆச்சி, அந்த டீச்சர் எழுதுறது ரொம்ப ஸ்லோ. நான் பாட்டுக்குச் சொல்லிட்டே போறேன், மெதுவாச் சொல்லு மெதுவாச் சொல்லுங்காங்க. ஏழு மார்க் கேள்வியில நான் சொன்னதுல பாதியத்தான் எழுதுனாங்க. வெளங்கவே வெளங்காது." அரை மணி நேரம் அந்த டீச்சரை விடாமல் திட்டினான். அண்ணன் ஒவ்வொரு கேள்விக்கும் அவன் என்ன சொன்னான், அவர் என்ன எழுதினார் என்று விலாவாரியாக விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஏட்டி, மறுகூட்டலுக்கு எப்பம் போடணும்? பாரத்த நீயே எழுதிரு."